கொண்டைக் கள்ளி

கோழிக்கொண்டைப் பூவைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. அது செடியின் ஒரு கோளாறு என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. சாதாரணமாகத் தண்டின் நுனியில் வளர்ச்சி ஒரு புள்ளியில் நடக்கும். சில செடிகளில் அந்தப் புள்ளி இழுபட்டு ஒரு கோடாகிவிடும். கோடு முழுக்க ஒரே சமயத்தில் வளரும்போது இடம் போதாமல் மடங்கி, நெளிந்து, சேவலின் கொண்டை போல் ஆகிறது. மரபணு மாற்றம், காயம், கிருமி என்று காரணங்கள் பல. பல நேரம் காரணமே பிடிபடாது. புரோகிராமில் ஒரு பக் வந்து, அது பிடித்துப்போய், அதையே வசதியாக விற்பது மாதிரி.

இதே கோளாறு கள்ளிக்கு வந்தால் நர்சரியில் விலை ஏறிவிடும். 'கோரல் காக்டஸ்' என்று விற்கிறார்களே, அது பவளமும் இல்லை, காக்டஸும் இல்லை. யூபோர்பியா லாக்டியா என்ற பால்கள்ளியின் கொண்டை வடிவத்தை, பெரும்பாலும் நம்மூர் இலைக்கள்ளித் தண்டின் மேல் ஒட்டுக்கட்டியது. சிவகாசியில் என் மாடியில் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "கள்ளியவா தம்பி காசு குடுத்து வாங்குன?" என்றார்.

நியாயமான கேள்வி. நம் ஊரில் கள்ளிக்கு வீட்டுக்குள் இடம் இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் அது பாலைக்கும் சுடுகாட்டுக்கும் உரியது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டில், பொருள் தேடிப் போனவன் கடக்கும் கள்ளிக்காட்டில் பல்லி ஒன்று தன் துணையைக் கூப்பிடும். பிற்காலத்தில் அதன் பால் இன்னும் மோசமான காரியத்துக்கு அடையாளமானது. 1986இல் உசிலம்பட்டிப் பகுதிப் பெண் சிசுக்கொலை பற்றி 'இந்தியா டுடே' எழுதியது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா'. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டதும் தென்மாவட்டத்துப் பெண்கள் முகம் மாறுவதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அழகுச்செடி என்று இதை நான் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

கள்ளி என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு குடும்பங்களைப் போட்டுக் குழப்புகிறோம். ஒடித்தால் பால் வருபவை யூபோர்பியா. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான காக்டஸ், அதில் பால் கிடையாது. அது வந்த கதையில் கும்பெனியின் பேராசை இருக்கிறது. சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம். அந்த வியாபாரம் ஸ்பெயின் கையில் இருந்தது. அதை உடைக்க, சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மட்டமான ரகம். சாயம் தேறவில்லை, ஆனால் பூச்சி ஒரு கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. 1836 முதல் 1838 வரை களையை ஒழிக்கவென்றே அதைத் தென்னிந்தியாவில் விட்டார்கள். பூச்சியை வைத்துக் களையை அழித்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. அப்புறம் வேறொரு சப்பாத்திக்கள்ளி பெருக, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. தோல்வியடைந்த ஒரு ப்ராஜெக்ட் நூறு வருஷம் கழித்தும் வேலை செய்துகொண்டிருந்தது!

பால்கள்ளிகளின் கதை வேறு. 1678க்கும் 1693க்கும் இடையில் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலில் 'திருக்கள்ளி' என்று மலையாளப் பெயரோடு ஒரு செடி பதிவானது. 1753இல் லின்னேயஸ் அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்: யூபோர்பியா திருக்கள்ளி. வேடிக்கை என்னவென்றால் செடி ஆப்பிரிக்காவுடையது, பெயர்தான் நம்முடையது.

சரி, வளர்ப்பு. எங்கள் ஊர் வெயில் இதற்கு ஒத்துவரும், ஆனால் வாங்கி வந்த அன்றே மேற்கு வெயிலில் வைத்தால் கொண்டை வெந்துவிடும். இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். மணலும் செங்கல் பொடிக்கல்லும் பாதிக்கு மேல் இருக்கட்டும். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் கொண்டையின் மடிப்புக்குள் தேங்காமல். ஆடியில் கவலையில்லை. ஐப்பசி மழைதான் எமன். கூரைக்குக் கீழ் நகர்த்துங்கள். ஒட்டுக்குக் கீழே இலைக்கள்ளி துளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அது மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். சில சமயம் கொண்டையிலிருந்தே சாதாரணக் கிளை ஒன்று நேராகக் கிளம்பும். அதையும் வெட்டிவிடுங்கள், அது வேகமாக வளரும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இந்தக் குணம் விதையில் நம்பி வராது. ஆகவே கடையில் பார்க்கும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கத்தியால் பிளந்து, பாலைத் துடைத்து, கட்டி வைத்திருக்கிறார்.

அக்காவின் கேள்விக்கு சிவகாசிக்காரனாக எனக்கு இன்னொரு பதிலும் உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனதிலிருந்து எங்கள் ஊரின் வரலாறு தொடங்குவதாகச் சொல்வோம். கருமருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் வேண்டும். கரி லேசாக, நுண்துளைகளோடு இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வில்லோ மரம். இங்கே வெடிமருந்துக் கரிக்குப் பயன்பட்டவற்றில் திருக்கள்ளியும் ஒன்று. ஆடு கடிக்காத வேலி, வெட்டினால் கரி. இப்போது விருதுநகர் பக்கம் வேலிக்கும் கரிக்கும் சீமைக்கருவேலம். திருக்கள்ளி வேலி எங்காவது மிச்சமிருந்தால் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "எங்க அம்மா ஊருல கம்மாக்கரையோரம் இன்னும் நிக்கிது. ஒரு குச்சி ஒடிச்சிட்டு வரவா?" என்றார்.