பன்மொழியாளரின் மௌனம்

1991ஆம் ஆண்டு மே மாதத்தில் பி.வி. நரசிம்ம ராவ் தில்லி வாழ்வை முடித்துக்கொள்ள ஆயத்தமாகியிருந்தார். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் அவர் போட்டியிடவும் இல்லை. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். சரியாக ஒரு மாதம் கழித்து ராவ் பிரதமரானார்.

இலக்கிய வாசகர்களாகிய நாம் அவரை வேறொரு வாயில் வழியாகவும் அறிவோம். விசுவநாத சத்தியநாராயணாவின் 'வேயி படகலு' என்னும் தெலுங்குப் பெருநாவலை இந்தியில் பெயர்த்தவர் அவர். ஹரி நாராயண் ஆப்தேயின் மராத்தி நாவலைத் தெலுங்குக்குக் கொணர்ந்தவரும் அவரே. இத்தனை மொழிகள் கைவந்த ஒருவர் அரசியலில் தம் கருவியாகத் தேர்ந்தது மௌனத்தை என்பதே நமக்கு வியப்பு.

அந்த மௌனம் எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு 1991 ஜூலை 24 ஒன்றே போதும். நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. அன்று மாலை மன்மோகன் சிங் வாசித்த நிதிநிலை அறிக்கையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குச் சில மணி நேரம் முன்னர் அவையில் வைக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கையையோ பலர் மறந்துவிட்டோம். 18 தொழில்கள் நீங்கலாக மற்றவை அனைத்துக்கும் உரிம முறையை ஒழித்தது அதுதான். தொழில்துறை ராவின் பொறுப்பிலேயே இருந்தும், அதை அவையில் வைத்தவர் இணையமைச்சர் பி.ஜே. குரியன். நேரு காலத்துக் கட்டுமானத்தைப் பிரித்துப்போட்ட அவ்வறிக்கை நேருவுக்குப் புகழுரை சொல்லியே தொடங்கியது! எதிர்க்க முனைந்தோருக்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கவில்லை.

அதே குணம் 1992 டிசம்பர் 6 அன்று அவரைக் கைவிட்டது. பைசாபாத்தில் மத்தியப் படைகள் காத்திருக்க, அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அன்று பகலில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பற்றி உலவும் கதைகளை நாம் பொருட்படுத்தவில்லை. உத்தரப் பிரதேச அரசு அளித்த உறுதிமொழியை நம்பியதாகவும், குற்றம் நிகழுமுன் ஒரு மாநில அரசைக் கலைக்க அரசமைப்பு இடந்தரவில்லை என்றும் அவர் தம் நூலில் வாதிட்டார். சட்ட நுணுக்கத்தில் அவ்வாதத்துக்கு வலு உண்டு. ஆயினும் நம்பத்தகாதவரை நம்பியது பிரதமரின் பிழையே என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. அந்நூலையும் அவர் வாழுங்காலத்தில் வெளியிடவில்லை; 2006இல்தான் அது வந்தது.

அதற்குள் அவர் மறைந்திருந்தார். 2004 டிசம்பரில் அவரது உடல் தில்லியில் காங்கிரஸ் தலைமையகத்தின் வாயில்வரை கொண்டுசெல்லப்பட்டது. கதவு திறக்கப்படவில்லை. ஐதராபாத்தில் எரியூட்டினார்கள். 2024இல் பாரத ரத்னா வழங்கியது, அவர் வாழ்நாளெல்லாம் எதிரணியில் வைத்திருந்த கட்சியின் அரசு.