அச்சத்துக்கு ஆதாரம் கேட்ட நகரம்

இலண்டனில் அகதி வழக்கை எதிர்கொண்ட எவருக்கும் 'நன்கு அடிப்படையுள்ள அச்சம்' என்ற சொற்றொடர் பரிச்சயமானது. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அகதி என்பவரை வரையறுக்கும்போது அதன் மையத்தில் வைத்த சொற்றொடர் அது. அச்சம் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரமும் வேண்டும் என்பது அதன் சாரம். எல்லையில் எம்மிடம் கேட்கப்பட்ட இக்கேள்வியை நாம் எமது வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோமா? இக்கட்டுரை அதைப் பற்றியது.

எம்மிடையே பலர் வெளியில் சொல்லாத ஓர் அனுபவம் உண்டு. பாதாள ரயிலிலோ, கடை வரிசையிலோ, இரவு வேலை முடிந்து படுத்த பின்னரோ திடீரென நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டும். கை விறைக்கும். இப்பொழுதே செத்துவிடப்போகிறேன் என்றோ புத்தி பேதலிக்கப்போகிறது என்றோ தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்கு வந்து பின் தணிந்துவிடும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவார்கள். வீட்டிலோ, 'ஒண்டுமில்லாததுக்கு ஏன் இந்தப் பயம்?' என்ற கேள்வி காத்திருக்கும். ஆங்கில வைத்தியம் இதனைப் பானிக் அட்டாக் என்கிறது. எமது பேச்சுவழக்கிலோ 'பதகளிப்பு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அச்சத்தையும் உடலின் பதற்றத்தையும் ஒன்றாகவே சுட்டும் நல்ல சொல் அது.

'ஒன்றுமில்லை' என்ற இத்தீர்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அது படைவீரரிலிருந்து தொடங்குகிறது. 1870இல் பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஆர்தர் மையர்ஸ், படைவீரரிடையே காணப்பட்ட இதயக் கோளாறுகளுக்கு நெஞ்சை இறுக்கும் சீருடையையும் தோல்வார்களையும் காரணமாகக் காட்டினார். அடுத்த ஆண்டில் பிலடெல்பியாவின் ஜேக்கப் டா கோஸ்டா, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தாம் கண்ட நோயாளரைப் பற்றி எழுதினார். படபடப்பு, நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், தலைச்சுற்று எல்லாம் இருந்தன. இதயத்தின் அமைப்பிலோ அதற்கேற்ற பழுது எதுவும் தென்படவில்லை.

முதலாம் உலகப் போரில் இந்நோயாளரின் தொகை பெருகியது. 1916இல் ஹாம்ஸ்டெட்டின் மவுண்ட் வேர்ணன் வைத்தியசாலை இவர்களுக்கான இராணுவ வைத்தியசாலையாக்கப்பட்டது. ஈ.சி.ஜி. ஆய்வின் முன்னோடியான தோமஸ் லூயிஸ் அங்கு பணியாற்றினார். அதுவரை இவர்களை நெடுநாள் படுக்கையில் கிடத்தி வைப்பதே வழக்கம். படுத்துக் கிடந்தவரோ தாம் இதய நோயாளி என்பதை மேலும் உறுதியாக நம்பினார். லூயிஸ் அவர்களை எழுப்பிப் படிப்படியாகக் கடினமாகும் உடற்பயிற்சிகளில் ஈடுபடுத்தினார். அனுபவங்களை 1918இல் நூலாகவும் எழுதினார். ஆயினும் அந்த வைத்தியசாலையின் பின்னால் அரசின் கேள்விகள் நின்றன என்பதை மறக்கலாகாது. இவனை மீண்டும் போர்முனைக்கு அனுப்பலாமா? அனுப்ப முடியாவிட்டால் ஓய்வூதியம் கொடுக்க வேண்டுமா? நோயாளியின் உடலைப் பார்த்த கண்ணும் கணக்கைப் பார்த்த கண்ணும் ஒன்றாகவே இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் வடக்கு இலண்டனின் மில் ஹில் பாடசாலை அவசரகால வைத்தியசாலையானது. மோட்ஸ்லி மனநல வைத்தியசாலையின் ஒரு பகுதியினர் அங்கு இடம்பெயர்ந்தனர். இதய வைத்தியரான போல் வூட் அங்கு கண்டவற்றை வைத்து, இது இதயநோய் அல்ல, அச்சமே இதன் வேர் என 1941இல் வாதிட்டார். அதே இடத்தில் மக்ஸ்வெல் ஜோன்ஸ் என்ற இளம் மனநல வைத்தியர் இன்னொன்றைச் செய்தார். ஏறத்தாழ நூறு படைவீரர் கொண்ட பிரிவில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதை விட்டு, எல்லோரையும் கூட்டி வைத்து, நெஞ்சு ஏன் படபடக்கிறது, மூச்சு ஏன் வாங்குகிறது என்பதைப் பாடமாக நடத்தினார். பழைய நோயாளர் புதிதாக வந்தவர்களுக்கு விளக்கத் தொடங்கினர். நோயாளரே ஒருவரையொருவர் தேற்றும் 'சிகிச்சைச் சமூகம்' என்ற கருத்து இங்கிருந்தே அவரிடம் வளர்ந்தது.

1980இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைந்நூல் இதனைத் தனிநோயாக வகைப்படுத்தியது. 1986இல் ஒக்ஸ்போர்டின் டேவிட் கிளார்க் இதன் உள்ளியக்கத்தை விளக்கினார். உடலில் ஒரு சிறு மாற்றம் ஏற்படுகிறது. மனம் அதை மரணத்தின் அறிகுறியாகப் பொருள்கொள்கிறது. அப்பொருள்கோடல் அச்சத்தைக் கூட்ட, அச்சம் படபடப்பைக் கூட்ட, சுழல் ஒன்று உருவாகிறது. மூச்சு விரைவுபடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. தலைச்சுற்றும் கைவிறைப்பும் அதனால் வருபவை. ஓடுகிறவனின் உடல் செய்வதை, நிற்கிறவனின் உடல் செய்கிறது.

வைத்தியர்கள் அச்சத்தை உடலில் தேடிக்கொண்டிருந்த இந்நகரில், நீதிமன்றங்கள் அதனை வேறுவிதமாகத் தேடின. அங்கு பரிசோதிக்கப்பட்டது எமது அச்சமே. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர் தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்ததை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டில் அகதி அந்தஸ்து மறுக்கப்பட்ட ஆறு தமிழரின் வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. சட்டநூல்களில் அது சிவகுமாரன் வழக்கு எனப்படுகிறது. ஒருவர் உண்மையாகவே அஞ்சுகிறார், சராசரித் துணிவுள்ள ஒருவர் அவரது நிலையில் இருந்தாலும் அஞ்சுவார் என்றால் போதும் என்ற போக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. துன்புறுத்தப்படுவதற்கான நியாயமான சாத்தியம் புறநிலையில் இருக்க வேண்டும் என்றது. அறுவருள் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1989இல், அவர்களுக்கு அடைக்கலம் வழங்கியிருக்க வேண்டும் என மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி தீர்ப்பளித்தார். அவ்வாண்டிலேயே அவர்கள் திரும்பி வந்தனர். ஆயினும் பிரபுக்கள் சபை வகுத்த விதி நிலைத்தது.

சட்டத்துக்கு அப்படியொரு விதி தேவைப்படலாம். ஆனால் அந்த விதியைக் கொண்டு உடலை விசாரிக்க முடியாது. பதகளிப்பு என்பது ஆதாரம் காட்ட முடியாத அச்சம். பாதாள ரயிலில் சோதனைச்சாவடி இல்லை என்பது அதற்கு ஆளாகிறவருக்கும் தெரியும். 'ஒண்டுமில்லை' என்று நாம் சொல்லும்போது அவரது வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம். அவரும் தன்னைக் குற்றவாளியாகக் கண்டு, ரயிலைத் தவிர்த்து, கூட்டத்தைத் தவிர்த்து, ஈற்றில் வீட்டுக்குள் ஒடுங்குகிறார்.

செய்யத்தக்கவை எவை? முதன்முறை நெஞ்சுநோ வந்தால் வைத்தியரிடம் காட்டி இதயத்தைப் பரிசோதிப்பது அவசியம். அது தெளிவான பின், மறுபடியும் மறுபடியும் பரிசோதனைக்கு ஓடுவது சுழலுக்கே தீனியாகும். தாக்கம் வரும்போது இடத்தைவிட்டு ஓடாமல் நிற்பதும், மூச்சை ஆறுதலாக வெளியே விடுவதும், இது உச்சத்துக்கு ஏறித் தணியும் என்பதை நினைவில் வைப்பதும் உதவும். தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிச் செல்ல வேண்டும். ஹாம்ஸ்டெட்டில் லூயிஸ் கண்டதும் ஏறத்தாழ இதுவே. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைக்கு ஜீ.பீ.யின் கடிதமின்றி நாமே விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஆனால் சித்திரவதைக்குள்ளானவர்களின் பதகளிப்பு பழைய காட்சிகளோடும் கனவுகளோடும் பிணைந்திருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை வேண்டும். 1985இல் ஹெலன் பம்பர் இலண்டனில் நிறுவிய, இன்று பிரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு அத்தகையோருக்கானது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். அரசியலால் விளைந்த அச்சத்தை நோயாக்கி, மூச்சுப் பயிற்சியால் தீர்க்கப் பார்க்கிறீர்களா என நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. திருப்பி அனுப்பப்படும் கடிதத்தை எதிர்பார்த்திருப்பவனின் அச்சத்தை நோய் என்பது மோசடி. அவனுக்கு முதலில் வேண்டியது விசா. ஆனால் விசா கிடைத்து இருபது ஆண்டுகளின் பின்னும் ரயில் ஏற முடியாதிருப்பவருக்கு அரசியல் விளக்கம் மட்டும் போதாது. காரணம் அரசியல் என்பதால் உடலின் தவிப்பு குறைந்துவிடுவதில்லை.

ஜோன்ஸின் படைவீரர்கள் கூடியிருந்து தமது உடலைக் கற்றார்கள். எமது சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் இலக்கியச் சந்திப்புகளிலும் எத்தனையோ தலைப்புகளில் விவாதித்திருக்கிறோம். எமக்கு வரும் பதகளிப்பைப் பற்றி, ஆதாரம் கேட்காமல், ஒருநாளாவது கூடியிருந்து பேசியிருக்கிறோமா?