மூன்றாம் அடுக்கும் கல்பாக்கமும்

கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையின் முதற்கட்டக் கார்பைடு எரிபொருளில் 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடு. இத்தகைய எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து மீளப் பிரிக்கையில், உலகெங்கும் வழங்கிய டிரைபியூட்டைல் பாஸ்பேட்டுக் கரைப்பான் ஓர் இடரை முன்வைத்தது. உலோகச் செறிவு எல்லை மீறினால் கரிம அடுக்கு இரண்டாகப் பிளந்து, புளூட்டோனியம் செறிந்த கனத்த மூன்றாம் அடுக்கு கீழே தங்கும். கட்டுக்கடங்காத் தொடர்வினைக்கு அது வழிவகுக்கலாம். நெடுங்காலம் இது கரைதிறன் குறைவாகவே கருதப்பட்டது. ஒசியோ-அசாரேயின் 1991ஆம் ஆண்டுக் கட்டுரை, மூலக்கூறுகள் தலைகீழ் மிசெல்களாகத் திரளும் பார்வையை முன்னிறுத்தியது; அத்திரள்களுக்கிடையேயான ஈர்ப்பே பிளவுக்குக் காரணம் என்னும் விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. கல்பாக்க ஆய்வாளர்களோ மூலக்கூற்றையே மாற்றிப் பார்த்தனர். பியூட்டைலுக்கு மாற்றாக, ஒரு கார்பன் மிகுந்த ஐசோஅமைல் தொகுதி. மூன்றாம் அடுக்கு தோன்றும் செறிவெல்லை உயர்ந்தது. கரைப்பான் நீரில் கரைந்து வீணாவதும் குறைந்தது.