தீர்ப்பும் தடையாணையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

"வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. வீடு, கடை, பாகப்பிரிவினை, வாடகை பாக்கி என ஏதேனும் ஒரு காரணத்தால் நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் இதன் பொருளை நன்கறியும். கையில் தீர்ப்பு இருக்கும். சொத்தோ எதிர்த்தரப்பினர் வசமே இருக்கும். கேட்டால், "ஸ்டே வாங்கியிருக்கிறார்கள்" என்பர். இந்நிலை எவ்வாறு உருவாயிற்று, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஜமாஅத்தார் அறிந்திருப்பது நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

பழைய நோய்

இந்தியாவில் முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1859-இல் இயற்றப்பட்டது. 13 ஆண்டுகள் கழித்து, 1872-இல், தர்பங்கா சமஸ்தானம் தொடர்பான வழக்கொன்று இலண்டன் பிரிவி கவுன்சில் முன் வந்தது. இந்நாட்டில் வழக்காடுபவரின் இன்னல்கள் தீர்ப்பாணை, அதாவது டிக்ரி, கிடைத்த பிறகே தொடங்குகின்றன என்று நீதிபதிகள் அப்போதே குறிப்பிட்டனர்.

இன்றும் நடைமுறையில் உள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு வகுத்தது. மேல்முறையீடு செய்துவிட்டதனாலேயே தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடாது என்கிறது அதன் 41-ஆம் கட்டளையின் 5-ஆம் விதி. தடை கோருபவர் தமக்குப் பெருத்த இழப்பு நேரும் என்பதையும், காலந்தாழ்த்தாமல் விண்ணப்பித்ததையும் காட்ட வேண்டும். பிணையமும் அளிக்க வேண்டும். இவ்விதியில் நியாயம் உண்டு. வீடு இடிக்கப்பட்ட பின் மேல்முறையீட்டில் வென்று யாது பயன்? ஆகவே தடையாணை தவறன்று; அதைக் கொண்டு காலத்தைக் கடத்துவதே தவறு.

பெங்களூர்க் கடை வழக்கு

1977-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்த வழக்கு இதற்குச் சான்றாகும். பெங்களூரில் கடையொன்றில் வாடகைக்கு இருந்தவரைக் காலி செய்யுமாறு ஆணை பிறந்தது. அவர் மேல்முறையீட்டில் தோற்றார்; உயர் நீதிமன்றச் சீராய்விலும் தோற்றார். எனினும் உயர் நீதிமன்றம் இரக்கங்கொண்டு காலி செய்ய ஆறு மாதங்களுக்கும் மேல் அவகாசம் தந்தது. அது முடியும் தறுவாயில் அவருடைய மகன், "அந்த ஆணை மோசடியாகப் பெறப்பட்டது" என்று முன்சீப் நீதிமன்றத்தில் புதிய வழக்குத் தொடுத்தார். அதைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி மேலும் ஐந்து மாதங்கள் பெற்றனர். பின்னர் வேறொரு முன்சீப்பிடம் அதே வழக்கை மீண்டும் தாக்கல் செய்து, எதிர்த்தரப்பைக் கேளாமலே தடையும் வாங்கினர்!

இத்தகைய வழக்குகளைத் தொடக்கத்திலேயே நிராகரிக்க வேண்டும். முதல் விசாரணையிலேயே வழக்காளியை நீதிபதி நேரில் துருவி வினவ வேண்டும் என்று அத்தீர்ப்பு அறிவுறுத்தியது. ஆயினும் பொய் வழக்குக்கான ஈட்டுச் செலவுத் தொகைக்கு 35-ஏ பிரிவு விதித்த உச்சவரம்பு, 1976 திருத்தத்தின்படி, 3,000 ரூபாய் மட்டுமே. பல ஆண்டு வாடகையை மிச்சப்படுத்துபவருக்கு இது எம்மாத்திரம்?

அண்மைக்கால முயற்சிகள்

2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கடுமையான மருந்தைக் கையாண்டது. வழக்கு விசாரணைகளை நிறுத்திவைக்கும் தடையாணைகள், நீட்டிக்கப்படாவிடில், ஆறு மாதங்களில் தாமாகவே காலாவதியாகும் என்றது. ஆனால் மேல் நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்படாமல் கிடப்பது தடை பெற்றவரின் குற்றமாகாதே! 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. குற்றமற்றவரையும் தண்டிக்கும் பொதுவிதி நீதியாகாது என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

நிறைவேற்று மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டு நில வழக்கு ஒன்றில் அதனை வலியுறுத்தி, நாடு முழுவதும் நிலுவையிலுள்ள மனுக்களின் கணக்கையும் கேட்டது. வந்த கணக்கு 8 இலட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல்! அத்தனையும் ஏற்கெனவே வென்றவர்களின் மனுக்கள்.

நாம் செய்ய வேண்டுவன

தீர்ப்புப் பெற்றவர்கள் அத்துடன் வீட்டில் அமர்ந்துவிடலாகாது. நிறைவேற்று மனுவுக்குப் பொதுவாக 12 ஆண்டு காலவரையறை உண்டு. ஆனால் தாமதம் எதிர்த்தரப்புக்கே சாதகம். தம்மைக் கேளாமல் தடை வழங்கப்படுவதைத் தவிர்க்க 'கேவியட்' மனு தாக்கல் செய்யலாம். அது 90 நாட்கள் செல்லும். தடை வழங்கப்பட்டால், பிணையத் தொகை கட்டச் செய்யுமாறு கோரலாம்.

தோற்றவர்களுக்கும் ஒரு சொல். தீர்ப்பில் பிழை உண்டென உளமார நம்புபவர் மேல்முறையீடு செய்வது அவரது உரிமை. பிழை இல்லையென்று அறிந்தே தடைமேல் தடை வாங்குபவரோ, பிறருடைய உடைமையைத் தம் வசம் வைத்திருக்கிறார். நீதிமன்ற முத்திரை இருப்பதனால் மட்டும் அது அவருக்கு உரியதாகிவிடாது என்பதை நாம் அனைவரும் நினைவிற் கொள்வோமாக.