ஹனுக்கா விளக்கை ஜன்னலில் வைப்பது ஏன்? 2,200 ஆண்டு முன்னோரை யூதர்கள் நினைக்கும் 8 நாட்கள்

2025 டிசம்பர் 14. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், போண்டை கடற்கரையில் யூதக் குடும்பங்கள் குழந்தைகளோடு கூடியிருந்தன. அன்று மாலைதான் ஹனுக்கா பண்டிகையின் முதல் விளக்கு. அந்தக் கூட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 21 மாலை, வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்குமாறு ஆஸ்திரேலிய மக்களை அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டது.

ஏன் ஜன்னல்? சும்மா ஒரு அடையாளத்துக்காகச் சொன்னது மாதிரி தெரியலாம். ஆனால் விளக்கை எங்கே வைப்பது என்பதுதான் இந்தப் பண்டிகையின் மையமான கேள்வியே. வாசலா, ஜன்னலா, வீட்டுக்குள் மேஜை மேலா? ஒரு ஊரில் யூதர்கள் எவ்வளவு பயமில்லாமல் வாழ்கிறார்கள் என்பதை அந்த விளக்கு இருக்கும் இடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஹனுக்கா என்றால் என்ன?

ஹனுக்கா என்ற எபிரேயச் சொல்லுக்கு 'அர்ப்பணிப்பு' என்று பொருள். கோயிலை மீண்டும் கடவுளுக்கு அர்ப்பணித்த நிகழ்வைக் குறிக்கும் பெயர். தமிழ் பைபிளின் யோவான் நற்செய்தியில் 'பிரதிஷ்டை பண்டிகை' என்று வருவது இதேதான். எபிரேய நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25-ம் தேதி தொடங்கி எட்டு நாட்கள் நடக்கும். நம் காலண்டரில் இது நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும்.

கதை கி.மு. 2-ம் நூற்றாண்டில் நடக்கிறது. அப்போது எருசலேம், செலூக்கியப் பேரரசின் கையில் இருந்தது. மன்னர் நான்காம் அந்தியோக்கஸ், கி.மு. 167 வாக்கில் யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்தார். ஓய்வுநாள் கடைப்பிடிக்கக் கூடாது, ஆண் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்யக் கூடாது. எருசலேம் கோயில் கிரேக்கக் கடவுள் ஸியூஸுக்கு மாற்றப்பட்டது. மோதீன் என்ற சின்ன ஊரில் மத்தத்தியா என்ற வயதான குரு இதை எதிர்த்துக் கிளம்பினார். அவருக்கு ஐந்து மகன்கள். அவர்களில் யூதா என்பவருக்கு 'மக்கபே' என்று பட்டப்பெயர். அதற்கு 'சுத்தியல்' என்று பொருள் சொல்வார்கள். மலைப்பகுதியில் மறைந்திருந்து தாக்கிய இந்தச் சிறுபடை, கி.மு. 164-ல் எருசலேம் கோயிலை மீட்டது. பலிபீடத்தைப் புதிதாகக் கட்டி, எட்டு நாட்கள் கொண்டாடினார்கள்.

சாகும்போது தந்தை சொன்ன பட்டியல்

இந்தப் போரை விவரிக்கும் மக்கபேயர் நூல் யூதர்களின் எபிரேய வேதத்தில் இல்லை. ஆனால் கத்தோலிக்கர்களின் பைபிளில் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் இன்றும் படிக்கலாம்.

அதில் ஒரு இடம் கவனிக்க வேண்டியது. வெற்றியைப் பார்க்காமலேயே மத்தத்தியா இறந்துவிடுகிறார். மரணப் படுக்கையில் மகன்களை அழைத்துப் பேசும்போது, எங்கே ஒளிவது, எப்படித் தாக்குவது என்று தொடங்கவில்லை. முதலில் பேசுவது முன்னோர்களைப் பற்றி. ஆபிரகாம், யோசேப்பு, யோசுவா, காலேபு, தாவீது, எலியா, நெருப்புச் சூளையில் போடப்பட்ட மூன்று இளைஞர்கள், சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேல் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைவூட்டுகிறார். யூதாவைப் படைத்தலைவராக்குவது அதற்குப் பிறகுதான்.

ஆக, இன்று ஹனுக்காவில் முன்னோர்களாக நினைக்கப்படும் மக்கபேயர்களே தங்கள் முன்னோரை நினைத்துத்தான் போருக்குப் போனார்கள்.

இந்த முன்னோர்கள் கறையே இல்லாதவர்கள் என்று சொல்லவும் முடியாது. மோதீனில் மத்தத்தியா முதலில் கொன்றது, மன்னரின் ஆணைப்படி பலியிட முன்வந்த ஒரு யூதரைத்தான். அரசு அதிகாரி அதற்கு அடுத்து. கிரேக்க வாழ்க்கை முறையை விரும்பிய யூதர்களுக்கும் அதை எதிர்த்த யூதர்களுக்கும் இடையிலான உள்நாட்டுச் சண்டையும் இதில் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். மக்கபேயர் வம்சம் பிறகு அரசர்களாகி, பதவிக்காகத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. அந்தச் சண்டைக்கு நடுவே கி.மு. 63-ல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமுக்குள் நுழைந்தார்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது?

பலருக்கும் தெரிந்த ஹனுக்கா கதை வேறு. கோயிலை மீட்டபோது, தலைமைக் குருவின் முத்திரை உடையாத ஒரே ஒரு எண்ணெய்க் குப்பிதான் கிடைத்தது. ஒரு நாளுக்குத்தான் வரும். ஆனால் எட்டு நாள் எரிந்தது.

இந்த அற்புதம் மக்கபேயர் நூல்களில் கிடையாது! பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட தல்மூத் என்ற சட்ட, விளக்க நூலில்தான் வருகிறது. போரைப் பற்றி அங்கே ஒரு வரிக்கு மேல் இல்லை. அதற்குள் ரோமர்கள் எருசலேம் கோயிலை இடித்துவிட்டார்கள், யூதர்கள் நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். வாளைப் பற்றிப் பேசுவதைவிட விளக்கைப் பற்றிப் பேசுவதுதான் அந்த நிலையில் இருந்தவர்களுக்குப் பொருந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே தல்மூத் இன்னொன்றும் சொல்கிறது. இந்த எட்டு நாட்களில் உண்ணாவிரதம் கூடாது, இரங்கல் உரையும் கூடாது. முன்னோரை நினைக்கிற நாள்தான், ஆனால் அழுது நினைக்கக் கூடாது.

விளக்கு ஏற்றும் முறை

ஹனுக்கா விளக்கில் மொத்தம் ஒன்பது திரிகள். எட்டு நாளுக்கு எட்டு. ஒன்பதாவது 'ஷமாஷ்', அதாவது உதவி விளக்கு. மற்றதை ஏற்றுவது இதை வைத்துத்தான். இஸ்ரேல் நாட்டின் சின்னத்தில் இருக்கும் ஏழு கிளை விளக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பழைய கோயில் விளக்கு.

முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். எட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று ஷம்மாய் என்ற அறிஞரின் மரபினர் வாதிட்டார்கள். ஹில்லேல் மரபினர் ஏற்றித்தான் போக வேண்டும் என்றார்கள். ஹில்லேல் கட்சி ஜெயித்தது. ஷமாஷையும் சேர்த்தால் எட்டு நாளில் ஒரு வீட்டில் 44 மெழுகுவர்த்திகள் தீரும்.

இந்த வெளிச்சத்தில் புத்தகம் படிக்கக் கூடாது, வேலை பார்க்கக் கூடாது. அது பார்ப்பதற்கு மட்டும்தான். யார் பார்க்க? தெருவில் போகிறவர்கள்! நடந்ததை ஊருக்குத் தெரியப்படுத்துவதுதான் நோக்கம். அதனால் விளக்கை வீட்டு வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது விதி. மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில். 'ஆபத்துக் காலம்' என்றால் மட்டும் உள்ளே மேஜை மேல் வைத்தால் போதும். இந்த விதிவிலக்கையும் அன்றே எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கு எத்தனை முறை தேவை வந்தது என்பதற்கு ஐரோப்பிய வரலாறே சாட்சி.

கீல் நகரத்து ஜன்னல், 1931

ஜெர்மனியின் கீல் நகரில் அகிவா போஸ்னர் என்பவர் ரப்பி, அதாவது யூத மதகுரு. 1931 டிசம்பரில், ஹனுக்காவின் கடைசி மாலை அவர் வீட்டு ஜன்னலோரம் விளக்கு தயாராக இருந்தது. எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கட்சியின் ஸ்வஸ்திக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. ரப்பியின் மனைவி ரேச்சல் போஸ்னர் கேமராவை எடுத்து, விளக்கும் கொடியும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். படத்தின் பின்பக்கம், கொடிக்கு விளக்கு பதில் சொல்வது போலச் சில வரிகளையும் ஜெர்மன் மொழியில் எழுதி வைத்தார்.

1933-ல் போஸ்னர் குடும்பம் மூன்று குழந்தைகளோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியது. கிளம்புவதற்கு முன் தன் சமூகத்தாரையும் வெளியேறச் சொல்லி ரப்பி வலியுறுத்தினார். கேட்டவர்கள் பிழைத்தார்கள்.

அந்தப் பித்தளை விளக்கு இப்போது எருசலேமின் யாத் வஷேம் நினைவகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஹனுக்காவுக்கும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, போஸ்னரின் வாரிசுகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அவர்கள் அதில் எட்டு நாளும் விளக்கேற்றிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அருங்காட்சியகப் பொருள் ஒன்று வருஷா வருஷம் வீட்டுக்குப் போய் வருவது அபூர்வம். 2022 டிசம்பரில் அது ஜெர்மனிக்கே கொண்டுபோகப்பட்டு, பெர்லினில் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் முன்னிலையில் ஏற்றப்பட்டது.

யூதர் அல்லாதவர் வீட்டிலும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊர். யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. 1993 டிசம்பரில், ஹனுக்கா விளக்குப் படம் ஒட்டியிருந்த ஒரு வீட்டு ஜன்னலில் கல் வந்து விழுந்தது. அது ஐந்து வயதுச் சிறுவனின் படுக்கையறை. ஜன்னலிலிருந்து விளக்கை எடுத்துவிடுங்கள் என்று குடும்பத்துக்கு யோசனை சொல்லப்பட்டது. தல்மூத் பாஷையில் சொன்னால், மேஜைக்கு மாற்றிவிடுங்கள் என்று.

ஆனால் நடந்தது வேறு. உள்ளூர் நாளிதழான பில்லிங்ஸ் கெஸட், ஒரு முழுப் பக்கத்துக்கு ஹனுக்கா விளக்குப் படத்தை அச்சிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அதை வெட்டித் தங்கள் ஜன்னலில் ஒட்டின. ஆயிரக்கணக்கான வீடுகள்! எது யூதர் வீடு என்றே கல்லெறிகிறவர்களுக்குத் தெரியாமல் போனது.

ஹனுக்கா தெரியாத யூதர்கள், நம் நாட்டில்

மகாராஷ்டிராவின் கொங்கண் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். அலிபாக் அருகே நவ்காவ் கடலோரம் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை சேர்ந்தார்கள், அவர்கள் வழி வந்தவர்கள்தான் நாங்கள் என்பது இவர்களின் மரபுக் கதை. மற்ற யூதர்களோடு தொடர்பு ஏற்படும்வரை இவர்களுக்கு ஹனுக்கா என்ற ஒன்றே தெரியாது. மக்கபேயர் வெற்றிக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டோம் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்பதில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம். இவர்களின் பாரம்பரியத் தொழில் எண்ணெய் ஆட்டுவது. சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', சனிக்கிழமைச் செக்கார். எண்ணெய்ப் பண்டிகையை அறியாத எண்ணெய்க்காரர்கள்!

ஆனால் முன்னோரை அவர்கள் மறக்கவில்லை. நல்ல காரியம் எதுவானாலும் அவல், தேங்காய், சர்க்கரை, பழங்கள் சேர்த்து 'மலிதா' என்ற படையல் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பிரார்த்திப்பார்கள். மத்தத்தியா மரணப் படுக்கையில் சொன்ன பட்டியலில் இருக்கும் அதே எலியாதான்.

கொச்சியில் நிலைமை வேறு. அங்கே ஹனுக்கா உண்டு, மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் உண்டு, மலையாளத்தில் பாட்டே உண்டு. ஆள்தான் இல்லை. 1950-களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். யூத மரபுப்படி ஜெப ஆலயத்தில் முழுமையான கூட்டு வழிபாடு நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். பத்துப் பேர் சேராவிட்டால் அது நடக்காது. ஹனுக்கா விளக்குக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒரு வீடு, ஒரு ஆள் போதும்.

பெண்களும் பெயர்களும்

மதத்தை விட மறுத்துத் தன் ஏழு மகன்களையும் பறிகொடுத்த ஒரு தாயின் கதை மக்கபேயர் இரண்டாம் நூலில் வருகிறது. நூலில் அவருக்குப் பெயர் இல்லை. பிற்கால மரபு அவரை ஹன்னா என்று அழைத்தது. எதிரித் தளபதியைக் கொன்ற யூதித்தும் இந்தப் பண்டிகையில் நினைக்கப்படுகிறார். விளக்கு எரியும் அரைமணி நேரமாவது பெண்கள் வீட்டு வேலை செய்யக் கூடாது என்ற வழக்கமே இருக்கிறது. துனிசியா, லிபியா போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளின் யூதர்கள் ஹனுக்காவுக்குள் ஒரு நாளை 'மகள்கள் திருநாள்' என்றே கொண்டாடினார்கள்.

யூதர்கள் முன்னோரை நினைப்பது ஹனுக்காவோடு முடிவதில்லை. இறந்தவரின் ஆண்டு நினைவு நாளில் 24 மணி நேரம் எரியும் விளக்கு ஏற்றுவார்கள். குழந்தைக்குத் தாத்தா, பாட்டி பெயர் வைப்பார்கள். ஐரோப்பிய யூதர்கள் இறந்துபோனவர் பெயரைத்தான் வைப்பார்கள், ஸ்பெயின் வழி வந்தவர்கள் உயிரோடு இருக்கும் தாத்தா பெயரையும் வைப்பார்கள். தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', தாத்தாவின் பெயரைக் கொண்டவன் என்பதிலிருந்து வந்ததுதான். எனவே இது நமக்குப் புதுசில்லை.

சாப்பாடு, விளையாட்டு, விடுமுறை

எண்ணெய்ப் பண்டிகை என்பதால் எல்லாம் பொரித்த அயிட்டம்தான். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் 'லாட்கே', ஜாம் வைத்த டோனட் ஆன 'சுஃப்கனியோத்' இரண்டும் பிரபலம். பிள்ளைகளுக்கு நான்கு பக்கப் பம்பரமும் சில்லறைக் காசும். யூத மதத்தில் இது பெரிய பண்டிகையும் கிடையாது. வேலைக்குப் போகலாம், கடை திறக்கலாம்.

2026-ம் ஆண்டு ஹனுக்கா டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது. அன்று வெள்ளிக்கிழமை. சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் வந்துவிடும், பிறகு நெருப்பு மூட்ட முடியாது. அதனால் முதல் விளக்கை வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிடுவார்கள். இருட்டிய பிறகும் அரைமணி நேரம் எரிய வேண்டும் என்பதால், அன்றைக்கு மட்டும் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும்.