தேதி குறிக்காத காத்திருப்பு

மதுரையிலிருந்து தெற்கே போகும் சாலைகளில் சுவரெழுத்தைப் பார்த்திருப்பீர்கள்: ‘இயேசு சீக்கிரம் வருகிறார்.’ எப்போ வருவார், வந்து என்ன செய்வார் என்று கேட்டால் கிறிஸ்தவர்களிடம் ஒரே பதில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சமவெளியிலேயே இரண்டு பதில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஒன்று, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனுடையது. அவர்கள் வந்த மரபில் செல்வாக்கோடு இருந்த எண்ணம் இது: நற்செய்தியும் கல்வியும் பரவப் பரவ உலகம் திருந்தும், தேவனுடைய ராஜ்யம் மெல்ல மலரும், கிறிஸ்து வருவது அதற்குப் பிறகு. ஆகவே பள்ளிக்கூடம், மருத்துவமனை, பசுமலையில் இறையியல் பள்ளி.

இன்னொன்று நேர்மாறானது. உலகம் தானாகத் திருந்தாது. கிறிஸ்து முதலில் வருவார், ஆயிர வருட அரசாட்சி அதற்குப் பின்னால்தான். பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தபோது இந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. ஊழியக்காரனுக்குச் சம்பளம் வேண்டாம், அப்பம் பிட்கக் குருப்பட்டம் வேண்டாம் என்றார் அவர்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் உக்கிரன்கோட்டையில் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர். 1840இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் எல்லையில், வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். எந்த மிஷனின் சம்பளமும் வாங்கவில்லை. ஆண்டவர் வரப்போகிறார் என்று நம்பியவர் கைகட்டி உட்காரவில்லை, ஊர் கட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1860இல் அவரைச் சுற்றி எழுப்புதல் மூண்டது. அந்நிய பாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள்; சிலர் முகம் சுளித்தார்கள். வெள்ளைக்கார மேலாளர் இல்லாமலே சாதாரண ஜனங்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். 1867இல் அருளப்பன் இறந்தார்.

அதே எழுப்புதலின் அலை 1870களில் திருவிதாங்கூரை எட்டியது. அங்கே யுஸ்துஸ் ஜோசப் என்ற சர்ச் மிஷன் சங்கப் போதகர் அதில் முன்னின்றார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர்; நல்ல பாடலாசிரியர். அவர் ஒரு படி கூடப் போய்த் தேதியே குறித்துவிட்டார்: 1881இல் கிறிஸ்து வருவார். மிஷன் அவரை விலக்கியது. ஜனங்கள் அவர் பின்னால் போனார்கள். 1881 எல்லா வருஷத்தையும் போல முடிந்தது. யுயோமய சபை என்ற பெயரில் அவருடைய கூட்டம் சிறுத்துத் தொடர்ந்தது.

அதே 1881இல்தான் பசுமலையில் அமெரிக்க மிஷன் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. இன்றைய அமெரிக்கன் கல்லூரியின் தொடக்கம் அது.

இதை வைத்து, கட்டியவன் ஜெயித்தான், காத்திருந்தவன் தோற்றான் என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் கல்லூரி கட்டிய மிஷனில் சம்பளமும் அதிகாரமும் கடல் கடந்து வந்தன. மனுஷ அதிகாரம் எல்லாமே தற்காலிகம் என்று நம்பியதால்தான் அருளப்பனால் அந்தச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. காத்திருப்பு அவருக்குச் சுதந்திரம் கொடுத்தது. தேதி குறித்ததும் அந்தச் சுதந்திரம் போயிற்று. ஒரு மனிதரின் கணக்கை எல்லாரும் நம்பியாக வேண்டியதாயிற்று. நாள் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று மத்தேயு சுவிசேஷம் சொல்வது வெறும் எச்சரிக்கை இல்லை. நாளைச் சொல்லி ஜனங்களை ஆளும் அதிகாரத்தை அது எந்த மனிதருக்கும் கொடுக்கவில்லை.