கோப்பி இலையில் ஒரு நுண்ணுயிர்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் துரைமாரைப் பற்றியும் கங்காணிமாரைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயினும், அவ்வரலாற்றின் போக்கை மாற்றியவற்றுள் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத வித்திகளாற் பரவும் ஓர் உயிரும் உண்டு. கோப்பி இலையைப் பற்றும் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசே அது.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில், கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படர்ந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் பேர்க்கிலி, அவ்வாண்டிலேயே அதற்குப் பெயரிட்டார். பெயரே உடலமைப்பைக் கூறுகின்றது. வித்தியின் குவிந்த புறம் முட்போன்ற புடைப்புக்களை உடையது, மறுபுறம் மழுமழுப்பானது. பாதி மழுமையானது, பாழ்படுத்துவது என்பதே பெயரின் பொருள்.

இதன் வளர்ச்சியை நுணுகி ஆராய்ந்தவர் ஹரி மார்ஷல் வார்ட் ஆவார். 1880 முதல் 1882 வரை இலங்கையிலிருந்து ஆராய்ந்த அவர் கண்டவை இவை: ஈரமான இலையில் விழும் வித்தி முளைத்து, அதன் குழாய் இலைவாயினூடே உட்புகும், இழைகள் கலங்களுக்கிடையே பரந்து, கலங்களுள் உறிஞ்சிகளைச் செலுத்தி உணவைக் கவரும், சில வாரங்களில் இலைவாய்கள் வழியே புதிய வித்திகள் கொத்துக்கொத்தாக வெளிவரும். அவற்றைக் காற்றுச் சுமந்து செல்லும். காட்டை அழித்து, இடையீடின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் பரவ வழிவகுத்தது என்பதும் அவர் ஆய்விலிருந்து தெளிவாயிற்று.

திம்புள்ள, டிக்கோயா முதலிய உயர்நிலங்களிற் புதிய தோட்டங்கள் திறக்கப்பட்டன. நோயும் அங்குத் தொடர்ந்தது. பிரேசிற் கோப்பியின் போட்டியால் விலையும் வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

இம்மாற்றம் பயிரோடு நின்றுவிடவில்லை. கோப்பிக்கு அறுவடைக்காலத்திலேயே மிகுதியான ஆட்கள் வேண்டும். ஆகவே தமிழகத்திலிருந்து நடந்து வந்தோர் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்பட வேண்டியது. பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. நுவரெலியாவும் ஹட்டனும் சூழ்ந்த மலைகள் பிறந்த மண்ணாயின.

எனினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். வந்து போகும் கூலிகள் என்ற கோப்பிக்காலப் படிமம், அப்பயிர் அழிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவர்களுக்கெதிராக எடுத்துக்காட்டப்பட்டது. எஞ்சியோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பேராதனையில் ஆராயப்பட்ட அவ்விலைகள் தாவரவியலாருக்கு மட்டும் உரிய சான்றுகள் அல்ல. இம்மக்கள் ஏன் இம்மண்ணில் நிலைத்தனர் என்ற வினாவிற்கான விடையின் ஒரு பகுதியும் அவற்றில் உண்டு.